சிகிச்சைக்காக நாடு மாறலாமா? புற்றுநோயோடு இருப்பவர் எடைபோட வேண்டிய வழிகள்

அக்காவுக்கு முதல் கீமோ ஏறி ஒன்பதாம் நாள். ராத்திரி 1 மணி இருக்கும். தெர்மாமீட்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். 100.8. கீமோவுக்குப் பின் 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும், அந்தச் சமயத்தில் காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். கொடுத்திருந்த எண்ணுக்கு அழைத்தேன். யாரும் எடுக்கவில்லை. அது வெளிநாட்டு நோயாளிகளைக் கவனிக்கும் அலுவலகத்தின் எண், மாலை 6 மணியோடு மூடிவிடுவார்கள் என்பது மறுநாள்தான் தெரிந்தது. நாங்கள் இருந்தது வேறு நாட்டில், வாடகை அறையில். அந்த ஊர் மொழியில் எனக்கு நாலு வார்த்தை தெரியும். டாக்ஸி பிடித்து அவசரப் பிரிவுக்குப் போனோம். அங்கே முதலில் கேட்டது முன்பணம். ஆண்டிபயாடிக் ஏறத் தொடங்கும்போது மணி 4.

அந்த மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்க நாங்கள் ஒரு மாதம் செலவழித்திருந்தோம். எந்த அறுவை நிபுணர், என்னென்ன இயந்திரம், எத்தனை நாள் தங்க வேண்டும், எல்லாம் விசாரித்தோம். ராத்திரி காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதை மட்டும் கேட்கவில்லை.

வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் நாலு பேர் நாலு நாட்டின் பெயரைச் சொல்வார்கள். எல்லோரும் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் "எந்த நாடு?" என்று தொடங்கியதுதான் எங்களை வீணாகச் சுற்றவிட்டது. சிகிச்சை என்பது ஒரே துண்டு கிடையாது. நோயை உறுதிசெய்வது, அறுவை, கீமோ, ரேடியேஷன், அப்புறம் ஆண்டுக்கணக்கில் ஊசியோ மாத்திரையோ, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை, வலிக்கான கவனிப்பு என்று அது பல துண்டு. இதில் எந்தத் துண்டுக்காக நாடு மாற வேண்டும் என்று பிரித்துக் கேட்டால் பதில் கைக்கு எட்டுகிறது. பெரும்பாலும் ஒன்றிரண்டு துண்டுக்குத்தான் வெளியே போக வேண்டியிருக்கும். சிலருக்கு ஒன்றுக்குமே வேண்டியிருக்காது.

அப்படிப் பார்த்தால் நான்கு வழிகள் இருக்கின்றன. நம் பயாப்ஸியை மட்டும் வெளியே அனுப்பிக் கருத்து வாங்குவது, ஒரு சிகிச்சைக்காகப் போய்த் திரும்புவது, குடியேறிவிடுவது, சொந்தக்காரர்கள் இருக்கும் நாட்டுக்கே திரும்பிவிடுவது.

பயாப்ஸி பயணம் போகட்டும், நாம் இருப்போம்

அக்காவின் பயாப்ஸி அறிக்கையில் ஹெர்2 என்ற இடத்தில் "2+" என்று போட்டிருந்தது. மார்பகப் புற்றுநோயில் அந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து 0 முதல் 3+ வரை மதிப்பெண் போடுவார்கள். 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்றால் இரண்டும்கெட்டான், ஃபிஷ் என்ற மரபணுச் சோதனை செய்துதான் முடிவு சொல்ல முடியும். அதை யாரும் செய்திருக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்குச் சரியான பதிலும் வரவில்லை.

பயாப்ஸியில் எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். பிளாக் என்பார்கள். தீப்பெட்டியைவிடச் சின்னப் பிளாஸ்டிக் சட்டம், அதற்குள் வெளிறிய மெழுகு, நடுவில் பழுப்பாக ஒரு பொட்டு. நோயைப் பற்றிய அத்தனை முடிவுக்கும் ஆதாரம் அந்தப் பொட்டுதான். மெழுகு உருகாமல் பார்த்துக்கொண்டால் சாதாரண அறையிலேயே வருடக்கணக்கில் கெடாமல் இருக்கும். மருத்துவமனையில் எழுதிக் கொடுத்து அதை வாங்கினோம், வேறு நாட்டில் இருக்கும் ஒரு பெரிய ஆய்வகத்துக்குக் கூரியரில் அனுப்பினோம். 12 நாளில் பதில் வந்தது. பாசிட்டிவ். கீமோவோடு, அந்தப் புரதத்தைக் குறிவைக்கும் டிராஸ்டுஸுமாப் ஊசியும் சேர்க்க வேண்டும், மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஒரு வருடம். அக்கா வீட்டை விட்டு அசையாமலேயே சிகிச்சைத் திட்டம் மாறிவிட்டது.

அதனால் என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மற்ற மூன்று வழிகளில் எதை யோசிப்பவரும் முதலில் இதைச் செய்ய வேண்டும். செலவு மற்றதோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு, விசா வேண்டாம், உடம்புக்கு அலைச்சல் இல்லை. வெளியே போயே ஆக வேண்டுமா என்ற கேள்விக்கும் இதிலேயே பாதிப் பதில் கிடைத்துவிடும். இங்கே சொன்ன அதே சிகிச்சையைத்தான் அங்கேயும் சொல்கிறார்கள் என்றால் மனதில் இருந்த பாரம் இறங்கும்.

அனுப்பும்போது அறிக்கையின் நகல் மட்டும் போதாது. பிளாக், அல்லது அதிலிருந்து வெட்டிய சாயமேற்றாத ஸ்லைடுகள், ஸ்கேன் படங்களின் அசல் கணினிக் கோப்புகள் (டைகாம் என்பார்கள்), இதுவரை கொடுத்த மருந்துகளின் பெயர், அளவு, தேதி எல்லாம் போக வேண்டும். ஒரு ஸ்கேன் சிடி அந்தப் பக்கம் திறக்கவே இல்லை என்று எங்களுக்கு மூன்று நாள் போனது. அனுப்புவதற்கு முன் இன்னொரு கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்து பார்த்துவிடுங்கள்.

வீடியோவில் பார்க்கும் மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்க்க முடியாது, அது இந்த வழியின் குறை. இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொன்னால் நடுவில் நாம் மாட்டிக்கொள்வோம். இருவரும் தங்களுக்குள் எழுதிக்கொள்ளக் கேட்பதுதான் நல்லது. கேட்கக் கூச்சப்பட வேண்டாம், நல்ல மருத்துவர்கள் இதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

"அந்த மருந்து இங்கே கிடைக்காது" என்பது நாடு மாறச் சொல்லப்படும் பெரிய காரணம். அதையும் புதிதாக விசாரிக்க வேண்டும். டிராஸ்டுஸுமாப் 2015-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது. 2019 டிசம்பரில் அதன் முதல் பயோசிமிலருக்கு, அதாவது வேறு நிறுவனம் தயாரித்த அதைப் போன்ற மருந்துக்கு, அதே நிறுவனம் தர அங்கீகாரம் கொடுத்தது. அதன்பின் பல நாடுகளில் அது கைக்கெட்டும் மருந்தாகிவிட்டது. சில வருடங்களுக்கு முன் கிடைக்காதது இன்றும் கிடைக்காது என்றில்லை. பதிவாகாத மருந்தையும் குறிப்பிட்ட ஒரு நோயாளியின் பெயரில் இறக்குமதி செய்யப் பல நாடுகளில் வழி உண்டு. செலவு பெரும்பாலும் நம்முடையதுதான், ஆனாலும் குடும்பத்தையே பெயர்த்துக்கொண்டு போவதைவிடக் குறைவாக இருக்கலாம். மருத்துவமனையின் மருந்தகத்தில் கேட்டுப் பாருங்கள்.

போய், முடித்து, திரும்புவது

தொடக்கமும் முடிவும் தெளிவாக இருக்கும் சிகிச்சைக்கு இது பொருந்தும். அடிக்கடி செய்து கைதேர்ந்தவர்கள் செய்ய வேண்டிய கடினமான அறுவை, புரோட்டான் கதிர் சிகிச்சை, ரத்தம் உருவாக்கும் ஸ்டெம்செல்லை மாற்றுவது போன்றவை. பணக்கார நாடுகளே இதைச் செய்திருக்கின்றன. இங்கிலாந்தில் பெரிய புரோட்டான் இயந்திரம் இல்லாத காலத்தில், 2008-லிருந்து, தேவைப்பட்ட குழந்தைகளையும் பெரியவர்களையும் அரசு மருத்துவச் சேவையே தன் செலவில் அமெரிக்காவுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் அனுப்பியது. 2018-ல் மான்செஸ்டரில் சொந்த மையம் திறந்த பிறகுதான் அந்தத் தேவை குறைந்தது. அனுப்பியது அந்த ஒரு துண்டுக்கு மட்டும். முன்னும் பின்னும் உள்ள சிகிச்சை ஊரிலேயே நடந்தது.

நாள் கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள். ரேடியேஷன் என்றால் வாரம் 5 நாள் வீதம் பல வாரம். இன்னொருவரின் ஸ்டெம்செல்லை ஏற்றினால் அந்த மையத்துக்குப் பக்கத்திலேயே சுமார் 100 நாள் இருக்கச் சொல்வார்கள். நம் தற்காப்பு அணுக்களையே எடுத்து மாற்றித் திரும்ப ஏற்றும் கார்-டி செல் சிகிச்சைக்குப் பின்னும் சில வாரம் ஓடிவரும் தூரத்தில் இருக்க வேண்டும். கூட ஒருவர் இருந்தே ஆக வேண்டும். அவருடைய வேலை, விடுப்பு, விசா எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

கீமோவுக்கு இந்த வழி சரிப்படாது என்பதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம். அது நான்கு முதல் ஆறு மாதம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று இழுக்கும் சிகிச்சை. அதில் ஆபத்து வருவது மருந்து ஏறும் பகலில் குறைவு, வீட்டில் இருக்கும் இரவுகளில்தான் அதிகம். அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு அக்கா, "அடுத்ததை நம்ம ஊரிலேயே போட்டுக்கறேன்டா, அங்க எனக்கு ராத்திரி கதவைத் தட்ட ஆள் இருக்கு" என்றாள். அறுவை செய்த குழு மருந்து, அளவு, நாள் என்று கீமோ அட்டவணையை எழுதிக் கொடுத்தது. மிச்ச கீமோவும் வருடம் முழுவதுக்குமான ஊசியும் ஊரிலேயே நடந்தன. மருந்து அதேதான், அளவும் அதேதான். கீமோவைத் தொடக்கத்திலிருந்தே அப்படித் திட்டமிட்டிருக்கலாம்.

பணம் யார் கட்டுவது என்பதைப் பொறுத்து இந்த வழி நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் காப்பீடு உள்ளவர்களுக்கு எஸ்2 என்ற படிவம் உண்டு. சொந்த நாட்டின் காப்பீடு ஏற்கும் சிகிச்சை அங்கே மருத்துவக் காரணப்படி ஏற்கத்தக்க காலத்துக்குள் கிடைக்காது என்றால், இன்னொரு உறுப்பு நாட்டில் செய்துகொள்ள அனுமதி மறுக்க முடியாது. 2011-ல் வந்த வேறொரு சட்டப்படி, நாமே பணம் கட்டிச் செய்துகொண்டு சொந்த நாட்டுக் கட்டண அளவுக்குத் திரும்பப் பெறவும் முடியும். இரண்டும் வேறு வேறு, குழப்பிக்கொண்டால் நஷ்டம். முன் அனுமதி வாங்க வேண்டிய இடத்தில் வாங்காமல் போனால் ஒன்றும் திரும்பி வராமல் போகலாம். பயண இன்சூரன்ஸ் இதற்கு உதவாது. சிகிச்சைக்காகவே போகும் பயணத்தையும், ஏற்கெனவே உள்ள நோயையும் பொதுவாக அவை விலக்கி வைக்கின்றன.

கைக்காசு போட்டுப் போகிறவர்கள் மருத்துவமனை அனுப்பும் மதிப்பீட்டை வரி வரியாகப் படிக்க வேண்டும். "பேக்கேஜ்" என்ற தொகை எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஆகும் செலவு. ஐசியூவில் கூடுதலாக நான்கு நாள், மறு அறுவை, தொற்று, ரத்தம் ஏற்றுவது எல்லாம் தனி. "சிக்கல் வந்தால் எவ்வளவு ஆகலாம்?" என்று எழுத்தில் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற இடத்துக்கு நான் யாரையும் அனுப்ப மாட்டேன். குணப்படுத்துவதாக உறுதி சொல்லி மொத்தப் பணத்தையும் முதலிலேயே கேட்கும் கிளினிக்குகள் பக்கம் போகவே வேண்டாம். நோய் முற்றியவர்களின் பயத்தை வைத்துப் பிழைக்கும் இடங்கள் எல்லாக் கண்டத்திலும் இருக்கின்றன.

விசாவும் முக்கியம். சிகிச்சைக்குப் போகிறவர் அதைச் சொல்லித்தான் போக வேண்டும். பிரிட்டனில் தனியார் சிகிச்சைக்கென்று 11 மாதம் வரை தங்க விசா உண்டு, சாதாரண வருகை விசா 6 மாதத்தோடு முடியும். அமெரிக்காவின் வருகை விசாவான பி2-க்கு நோய், சிகிச்சைக் காலம், செலவு பற்றி மருத்துவரின் கடிதமும் பணத்துக்கான ஆதாரமும் காட்ட வேண்டிவரும். திரும்பும் விமானத்தையும் மருத்துவரைக் கேட்டுத்தான் பதிவு செய்ய வேண்டும். புற்றுநோயில் ரத்தம் உறையும் அபாயம் ஏற்கெனவே அதிகம், அறுவையும் நீண்ட பயணமும் அதைக் கூட்டும்.

மருந்து ஆராய்ச்சியில் சேர்வதற்காகப் போவதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். அதே ஆராய்ச்சி பல நாடுகளில் ஒரே நேரத்தில் நடக்கலாம் என்பதால், பக்கத்தில் ஒரு மையம் இருக்கிறதா என்று பாருங்கள். சேர்வதற்கான சோதனைகளே சில வாரம் எடுக்கும், கடைசியில் தகுதியில்லை என்று திரும்பவும் நேரலாம். சோதனை மருந்து இலவசமாக இருந்தாலும் பயணமும் தங்கலும் பெரும்பாலும் நம் தலையில்தான்.

குடியேறுவது: இரண்டு கதவு

இதைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள், அதிகம் தவறாகப் புரிந்துகொள்வதும் இதைத்தான். குடியேறுகிறவர் முன்னால் இரண்டு கதவு இருக்கிறது. ஒன்று எல்லைக் கதவு: நோயோடு வருகிறவருக்கு விசா கொடுப்பார்களா? இன்னொன்று மருத்துவமனைக் கதவு: உள்ளே வந்தபின் பொதுச் செலவில் பார்ப்பார்களா? சில நாடுகள் முதல் கதவை இறுக்கிப் பிடிக்கும், சில நாடுகள் இரண்டாவதை.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா மூன்றும் முதல் கதவிலேயே கணக்குப் பார்ப்பவை. இவருடைய சிகிச்சைக்குப் பொதுப் பணம் எவ்வளவு செலவாகும் என்று மதிப்பிட்டு, வரம்பைத் தாண்டினால் மறுக்கலாம். ஆஸ்திரேலியா 2024 ஜூலையில் அந்த வரம்பை 86,000 ஆஸ்திரேலிய டாலராக உயர்த்தியது. நியூசிலாந்து 2022-ல் 5 ஆண்டுக்கு 81,000 நியூசிலாந்து டாலர் என்று வைத்தது. கனடா 2018-ல் தன் வரம்பை மூன்று மடங்காக்கியது. புதிய தலைமுறைப் புற்றுநோய் மருந்து ஒன்றே இந்த வரம்பைத் தாண்டிவிடக்கூடும். ஆனால் சிகிச்சை முடிந்து பல வருடம் ஆனவருக்கும், விலை குறைந்த ஜெனரிக் மாத்திரையில் இருப்பவருக்கும் கதவு மூடியே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். கனடாவில் இன்னொரு விலக்கு உண்டு. குடிமகனோ நிரந்தர வாசியோ ஆதரவு கொடுத்து அழைக்கும் கணவன், மனைவி, சார்ந்திருக்கும் பிள்ளைகள் ஆகியோருக்கு இந்தச் செலவுக் கணக்கு பொருந்தாது. சில ஆஸ்திரேலிய விசாக்களில் விதிவிலக்கு கேட்க இடம் உண்டு. ஆகவே எந்த நாடு என்பதோடு எந்த விசா என்றும் கேட்க வேண்டும்.

பிரிட்டன் வேறு மாதிரி. வேலை விசாவுக்குப் புற்றுநோய்ச் செலவுக் கணக்குப் போடுவதில்லை. விசாவோடு சுகாதாரக் கட்டணம் வாங்கிவிடுகிறார்கள், 2024 பிப்ரவரியிலிருந்து பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு. அதைக் கட்டி விசா பெற்றவருக்கு, முன்பே நோய் இருந்தாலும், பொது மருத்துவச் சேவை திறந்திருக்கிறது. அதே நாட்டுக்கு வருகை விசாவில் போனால் கதை தலைகீழ். இங்கிலாந்தில் மருத்துவமனைச் சிகிச்சைக்கு வழக்கமான கட்டணத்தில் 150 சதவீதம் போடலாம், அவசரமில்லாத சிகிச்சைக்கு முன்கூட்டியே பணம் கேட்பார்கள், 500 பவுண்டோ அதற்கு மேலோ பாக்கி நின்றால் பின்னால் விசாவுக்கே தடையாகலாம். உடனடியாகத் தேவைப்படும் சிகிச்சையை மட்டும் பணத்தைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது.

சுவிட்சர்லாந்திலும் நெதர்லாந்திலும் வசிக்க உரிமை பெற்றுவிட்டால் அடிப்படைக் காப்பீட்டு நிறுவனங்கள் நோயைக் காட்டி மறுக்கவோ கூடுதல் பிரீமியம் கேட்கவோ முடியாது. சுவிட்சர்லாந்தில் 3 மாதத்துக்குள் சேர்ந்துவிட வேண்டும், நெதர்லாந்தில் 4 மாதம். ஜெர்மனியில் பொதுக் காப்பீட்டு நிதிகளும் நோயைப் பார்த்து மறுப்பதில்லை, தனியார் நிறுவனங்கள் மறுக்கலாம். அங்கே வேலைக்குப் போகிற ஒருவர் விவரம் தெரியாமல் தனியார் பக்கம் விண்ணப்பித்து அலையக்கூடாது. அமெரிக்காவில் 2014-லிருந்து வழக்கமான மருத்துவக் காப்பீடுகள் முன்பே உள்ள நோயைக் காரணம் காட்டி மறுக்க முடியாது, ஆனால் காப்பீடு எடுக்கத் தகுதியும் வருடாந்திரக் கைச்செலவைத் தாங்கும் வலுவும் வேண்டும். வயதான பெற்றோரை அங்கே அழைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே வேலை செய்த கணக்கு இல்லாதவர், முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் சேர, 65 வயதோடு 5 வருட தொடர் வசிப்பும் கேட்பார்கள். அந்த ஐந்து வருடத்தை எப்படிக் கடப்பது என்று திட்டம் இல்லாமல் அம்மாவை விமானம் ஏற்ற வேண்டாம்.

நோயையே காரணமாகக் காட்டித் தங்க முடியுமா? சில இடங்களில் சிறிய வழி உண்டு. பிரான்சில் 1998-லிருந்து நோயுற்ற வெளிநாட்டவருக்கான வசிப்பு அனுமதி இருக்கிறது. ஏற்கெனவே அங்கே வசித்துவருபவராகவும், சிகிச்சை நின்றால் மிகக் கடுமையான விளைவு வரும் நிலையிலும், சொந்த நாட்டில் அந்தச் சிகிச்சையை உண்மையில் பெற முடியாதவராகவும் இருக்க வேண்டும். 2016 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், பப்போஷ்விலி என்ற ஜார்ஜிய நாட்டவர் பெல்ஜியத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ரத்தப் புற்றுநோயோடு இருந்தவர் அவர். நாடு கடத்தினால் உடல்நிலை வேகமாகவும் மீளமுடியாதபடியும் சரிந்து கடும் துன்பமோ ஆயுள் குறைவோ நேரும் அபாயம் உண்டா என்று அரசு பார்க்க வேண்டும் என்றது. தீர்ப்பு வந்தபோது அவர் உயிரோடு இல்லை, அதே ஆண்டு ஜூன் மாதமே இறந்துவிட்டார். ஏற்கெனவே ஒரு ஐரோப்பிய நாட்டில் வசித்து, வெளியேற்றும் கடிதம் வந்திருப்பவருக்கு இந்தத் தீர்ப்பு பெரிய பலம், உடனே வழக்கறிஞரைப் பாருங்கள். வெளியிலிருந்து புதிதாகக் கிளம்புகிறவர் இதை நம்பிக் கிளம்பக் கூடாது.

வேலை விசாவில் இருக்கும் இன்னொரு பொறியைப் பற்றி யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. விசா முதலாளியோடு கட்டப்பட்டிருக்கும். நோய் திரும்பி வந்து, வேலைக்குப் போக முடியாமல், வேலையும் போனால் வசிக்கும் உரிமையும் காப்பீடும் ஒன்றாகப் போகும். அமெரிக்க எச்1பி விசாவில் வேலை போனபின் பொதுவாக 60 நாள்தான் அவகாசம். உடம்பு மிக மோசமாக இருக்கும் அந்த இரண்டு மாதத்தில் வீட்டைக் காலிசெய்து நாடு திரும்ப வேண்டிவரும். குடியேற்றத்தை யோசிக்கும் நோயாளிக்கு, சம்பளத்தைவிட நிரந்தர வசிப்புரிமை எத்தனை வருடத்தில் வரும் என்பதுதான் பெரிய கேள்வி. கணவனோ மனைவியோ முதன்மை விண்ணப்பதாரராகப் போக முடியுமானால் அது பாதுகாப்பானது.

அப்புறம் மருந்து. ஒரு நாட்டில் மருந்துக்கு அனுமதி இருப்பதும், பொதுப் பணத்தில் அதைக் கொடுப்பதும் வேறு வேறு. ஜெர்மனியில் புதிய மருந்து சந்தைக்கு வந்ததுமே பெரும்பாலும் காப்பீட்டில் சேர்ந்துவிடும், விலைப் பேச்சு அப்புறம் நடக்கும். இங்கிலாந்தில் நைஸ் என்ற அமைப்பு செலவுக்கேற்ற பலன் உண்டா என்று பார்த்துச் சம்மதிக்க வேண்டும். நியூசிலாந்தில் ஃபார்மாக் என்ற அரசு அமைப்பு முடிவு செய்யும். நீங்கள் இப்போது எடுக்கும் மருந்து, உங்கள் வகை நோய்க்கு, உங்கள் கட்டத்தில், அங்கே பொதுச் செலவில் உண்டா என்று பார்க்க வேண்டும். நாடு பெரியது, பணக்கார நாடு என்பதெல்லாம் இதற்குப் பதில் இல்லை.

யாருக்கு இந்த வழி ஏற்றது? மெதுவாக நகரும் நோயோடு மாத்திரையில் நிலையாக இருப்பவருக்கு இது சாத்தியம். இமாட்டினிப் எடுத்துக்கொண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தச் சோதனை செய்துகொண்டு, வேலைக்கும் போய்வரும் நாள்பட்ட மைலாய்டு லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய் உள்ள ஒருவர் நாடு மாறுவது பெரிய சிக்கலில்லை. அந்த மாத்திரையும் அந்தச் சோதனையும் பல நாடுகளில் கிடைக்கும். கீமோவின் நடுவில் இருப்பவர், அறுவைக்குக் காத்திருப்பவர், நோய் வேகமாக ஓடிக்கொண்டிருப்பவர் ஆகியோருக்குக் குடியேற்றம் சிகிச்சையாகாது. விசாவுக்கே மாதக்கணக்கில் ஆகும், நோய் அதுவரை நிற்காது. போனபின்னும் குடும்ப மருத்துவரிடம் பதிவு, அங்கிருந்து சிபாரிசுக் கடிதம், பிறகு நிபுணர் என்று வரிசை இருக்கும். குடியுரிமை ஏற்கெனவே கையில் இருப்பவருக்கு மட்டும் கணக்கு வேறு. அவருக்கும் பல நாடுகளில் வசிப்பை நிரூபித்த பிறகே உரிமை தொடங்கும், கடவுச்சீட்டு மட்டும் போதாது.

படிவத்தில் நோயை மறைக்கலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. மறைக்காதீர்கள். பின்னால் மருத்துவப் பதிவேட்டிலிருந்து தெரிந்தால் விசாவும் காப்பீடும் ரத்தாகும், அதுவும் உங்களுக்கு மிகவும் தேவைப்படும் நேரத்தில்.

மனிதர்கள் இருக்கும் இடத்துக்குத் திரும்புவது

வெளிநாட்டில் வாழும்போது நோய் வந்தவர்கள் இதையும் ஒரு வழியாக மேசையில் வைத்துப் பார்க்க வேண்டும். மருத்துவ வசதி கொஞ்சம் குறைந்த நாடாகவே இருக்கலாம். ஆனால் கூடப்பிறந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள், காலையில் கஞ்சி காய்ச்சித்தர ஒருவர், மருத்துவமனைக்குக் கூட வர ஒருவர், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப ஒருவர் இருக்கிறார்கள். கீமோ வாரங்களில் இந்தக் கைகளின் மதிப்பு எனக்குத் தெரியும். வலி எங்கே, எப்படி என்று தாய்மொழியில் சொல்ல முடிவதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். இழுக்கிறதா, குத்துகிறதா, எரிகிறதா என்று சொல்லத் தெரிந்தால்தான் மருந்தும் சரியாக வரும்.

நோயைக் குணமாக்க முடியாத கட்டத்தில் இந்த வழிக்கு எடை இன்னும் கூடுகிறது. அப்போது கேட்க வேண்டியது, மார்ஃபின் அங்கே கிடைக்குமா, வீட்டுக்கு வந்து பார்க்கும் வலித்தணிப்புக் குழு இருக்கிறதா என்பதைத்தான். உலகின் பல நாடுகளில் மார்ஃபின் கிடைப்பது இன்னும் கடினம், எல்லா ஊருக்கும் ஒரே பதில் இல்லை. திரும்புவது என்று முடிவானால் உடம்பு விமானம் ஏறும் நிலையில் இருக்கும்போதே கிளம்ப வேண்டும். "இன்னும் ஒரு சுற்று மருந்து பார்த்துவிட்டு" என்று தள்ளிப்போட்டு, அப்புறம் ஆக்ஸிஜனும் ஸ்ட்ரெச்சரும் இல்லாமல் பயணமே முடியாது என்ற நிலைக்கு வந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அந்நிய மண்ணில் இறந்தால் என்ன செய்வது என்ற பேச்சையும் நோயாளி தெளிவாக இருக்கும்போதே, அவர் விரும்பினால், பேசிவிடுவது நல்லது. அக்கா அதைத் தானாகவே ஒரு மாலையில் பேசினாள். கேட்கக் கஷ்டமாக இருந்தது. பேசி முடித்ததும் அவள் தூங்கினாள், பல நாளுக்குப் பிறகு நன்றாக.

கைமாறும் இடம்

எந்த வழியில் போனாலும் ஆபத்து ஒளிந்திருப்பது இரண்டு மருத்துவக் குழுக்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியில். பழைய குழு கையை விட்டிருக்கும், புதிய குழு இன்னும் கையைப் பிடித்திருக்காது. அங்கே முதல் சந்திப்புக்குத் தேதி எழுத்தில் வரும்வரை இங்கே யாரிடமும் விடைபெற வேண்டாம்.

பழைய மருத்துவரிடம் சிகிச்சைச் சுருக்கம் ஒன்று கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. அதில் மொத்த அளவுகள் இருக்க வேண்டும். உதாரணமாக டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்துக்கு வாழ்நாள் வரம்பு உண்டு, உடல் பரப்பின் சதுர மீட்டருக்குப் பொதுவாக 450 முதல் 550 மில்லிகிராம், அதைத் தாண்டினால் இதயம் பலவீனமாகும் அபாயம் ஏறும். இதுவரை எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியாத புதிய மருத்துவர் ஒன்று பயந்து மருந்தைக் குறைப்பார், இல்லை தெரியாமல் கூட்டுவார். ரேடியேஷன் வாங்கிய இடத்துக்கும் அப்படித்தான், எந்த இடத்தில் எவ்வளவு கிரே (கதிரை அளக்கும் அலகு) என்ற திட்டக் கோப்பு வேண்டும். டிராஸ்டுஸுமாப் எடுப்பவருக்குச் சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் எக்கோ என்ற இதய ஸ்கேன் அறிக்கைகள் எல்லாமே வேண்டும், கடைசி ஒன்று மட்டும் போதாது.

மருந்துகளைக் கைப்பையில், அசல் டப்பாவோடும் மருத்துவரின் கடிதத்தோடும் எடுத்துப் போங்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய ஊசி சரக்குப் பெட்டியில் போகக் கூடாது. மார்ஃபின் போன்றவற்றுக்கு முன்னதாகவே விதியைப் பாருங்கள். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய ஷெங்கன் நாடுகளுக்குள் 30 நாளுக்கான தனிச் சான்றிதழ் உண்டு. ஜப்பானுக்கும் ஐக்கிய அரபு அமீரகத்துக்கும் கிளம்பும் முன்பே அனுமதி வாங்க வேண்டும். இடைநிறுத்தமாக இறங்கும் நாட்டின் விதியும் சேரும்.

டிக்கெட் போடும் முன் புதிய மருத்துவமனைக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். ராத்திரி 1 மணிக்குக் காய்ச்சல் வந்தால் எந்த எண்ணை அழைப்பது, எடுப்பவர் எந்த மொழியில் பேசுவார், அவசரப் பிரிவில் முன்பணம் கேட்பார்களா, நாங்கள் ஊர் திரும்பிய பிறகு எங்கள் மருத்துவர் கேள்வி கேட்டால் உங்களில் யார் பதில் எழுதுவார். பதில் வந்ததும் அந்த எண்ணை அன்றிரவே ஒருமுறை அழைத்துப் பார்த்துவிடுங்கள்.